சுவரில் அப்பாவின் பெயர்

கிரெட்டா வானெக்குக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. காது மடல்கள் சிவக்கும். கையில் என்ன இருக்கிறதோ அதை மெதுவாக, சத்தமே வராமல் கீழே வைப்பாள். அவளை அறிந்தவர்கள் அந்த நிதானத்தைப் பார்த்ததுமே ஏதாவது சாக்குச் சொல்லி அறையைவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அவளுடைய அப்பா லைல் மட்டும் நகரமாட்டார். மகளுக்குக் கோபம் வரும் என்பதே அவருக்கு இருபது வருடமாகத் தெரியாது.

ஹார்லன் ஃபால்ஸில் பள்ளி முடித்த பிள்ளைகளிடம் எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: "எதுக்குப் போறே?" எங்கே போகிறாய் என்று யாரும் கேட்பதில்லை. ஆற்றோரமாக மேற்கே போனால் மாநிலப் பல்கலைக்கழகம், கிழக்கே போனால் தொழிற்கல்லூரி, வேறு எங்கே போக? எதைப் படிக்க என்பதுதான் கேள்வி. நர்ஸ், டீச்சர், டீசல் மெக்கானிக் என்று ஒற்றைச் சொல்லில் பதில் வரவேண்டும். வந்தால் முதுகில் ஒரு தட்டு, கையில் பன்றியிறைச்சி ரொட்டி. "இன்னும் முடிவு பண்ணல" என்று சொல்கிற பிள்ளையை, ஜுரத்தில் கிடப்பவனைப் பார்ப்பதுபோலப் பார்த்து, "பரவால்ல, நேரம் இருக்கு" என்பார்கள்.

கிரெட்டாவுக்கு அந்தச் சிரமம் வைக்கப்படவில்லை. அவள் பள்ளி முடித்த ஜூன் மாதம், ஊர் வழக்கப்படி வீட்டுக் கராஜைக் காலிசெய்து கழுவிவிட்டு, புல்வெட்டி வண்டியை வெளியே தள்ளி, மேஜை போட்டு, ஊரையே அழைத்தார்கள். அம்மா ஜோனி பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்ப்பவள். உருளைக்கிழங்கு சாலட் வாளிக்கணக்கில் செய்திருந்தாள். கேக் மட்டும் அப்பா பொறுப்பு. சூப்பர்மார்க்கெட்டில் சொல்லி வைத்து வாங்கிவந்தார். கூட்டம் சேர்ந்தபிறகுதான் பெட்டியைத் திறந்தார். வெள்ளைக் கிரீமின்மேல் பச்சையாக ஒரு கால்குலேட்டர். அதன் கீழே, 'நம்ம வருங்கால ஆடிட்டர் கிரெட்டாவுக்கு'.

கைதட்டினார்கள். அவளைக் கேட்க வேண்டிய கேள்விக்குக் கேக்கே பதில் சொல்லிவிட்டதால் யாரும் அவளைக் கேட்கவில்லை. போட்டோவுக்கு நிற்கச் சொன்னார்கள், நின்றாள். கால்குலேட்டர் இருந்த துண்டுதான் அவளுக்கு வந்தது. அன்று முழுக்க அவள் நாக்கு பச்சையாக இருந்தது.

அதற்குச் சில வாரங்களுக்கு முன், பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்த அப்பாவிடம் அவள் ஒருமுறை சொல்லிப்பார்த்திருந்தாள். நாடகம் படிக்கலாம் என்று இருக்கிறது. நடிக்க அல்ல, திரைக்குப் பின்னால். உடை, விளக்கு, எந்தக் கதவு எப்போது திறக்கவேண்டும் என்று பார்த்துக்கொள்கிற வேலை. சொல்லும்போதே பாதியில் குரல் தேய்ந்தது.

"நாடகமா? அதுக்கு எவன் சம்பளம் குடுப்பான்?" என்றார் லைல். தட்டின் பின்பக்கத்தைத் துடைத்தார். "ஆலைல எத்தனையோ தடவ ஆள்குறைப்பு பாத்திருக்கேன் குட்டி. எல்லாரும் போவாங்க, கணக்கு பாக்கறவன் கடைசியாத்தான் போவான். கூட்டல் கழித்தல் தெரிஞ்சவனுக்குச் சாப்பாட்டுக்குப் பஞ்சம் இல்ல." தட்டை அலமாரியில் வைத்தார். பேச்சு முடிந்தது.

அவளும் விட்டுவிட்டாள். அதுதான் பின்னால் அவளை அதிகம் அறுத்தது.

பல்கலைக்கழகத்தில் அவள் பெயருக்குப் பக்கத்தில் 'கணக்கியல் (உத்தேசம்)' என்று இருந்தது. உத்தேசத்தோடு இரண்டு வருடம் ஓட்டலாம். இரண்டாம் ஆண்டு வசந்தத்தில், குறித்த ஒரு வெள்ளிக்கிழமை மாலைக்குள், இதுதான் என் மேஜர், அதாவது முதன்மைப் பாடம், என்று அறிவித்துவிட வேண்டும். அறிவிக்காதவர்களுக்கு அடுத்த ஆண்டு வகுப்புகள் திறக்காது. அவள் கணக்கியலில் நன்றாகவே செய்தாள். பற்றும் வரவும் அவள் கைக்குப் படிந்து வந்தன. ஆனால் பிற்பகல்களில் நாடகத்துறையின் உடையறையில் மணிக்கூலிக்குத் தைத்தாள். அந்த அறையில்தான் மூச்சு முழுசாக வந்தது. உடையறைத் தலைவி டோரீன் அதிகம் பேசமாட்டாள். துணியைக் கையில் கொடுத்து, "இது ராஜா, ஆனா பணமில்லாத ராஜா" என்பாள். கிரெட்டா விளிம்பில் எங்கே நைந்திருக்கவேண்டும் என்று யோசித்துப் பிளேடால் சுரண்டுவாள்.

அவள் முதலாம் ஆண்டில் இருந்தபோதே, குளிர்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, அப்பா வேலை பார்த்த காகித ஆலை மூடியது. காலை ஷிஃப்டுக்குப் போனவர்கள் வாசல் பூட்டியிருப்பதைப் பார்த்தார்கள். பூட்டுக்குப் பின்னால் நின்ற காவலாளியை யாருக்கும் தெரியாது. வெளிமாநிலத்திலிருந்து கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஆலையை வாங்கிய முதலீட்டுக் கம்பெனியின் ஆட்களை எப்போதுமே யாருக்கும் தெரியாது. லைல் பள்ளி முடித்த வருடத்திலிருந்து அங்கே இருந்தவர். மதிய உணவுப் பெட்டியைக் கையில் பிடித்துக்கொண்டே பனியில் நின்றுவிட்டு, வீட்டுக்கு வந்து, அந்த உணவைச் சமையலறை மேஜையில் உட்கார்ந்து காலை எட்டு மணிக்கே சாப்பிட்டாராம். ஜோனி சொன்னது.

கணக்குப் பிரிவும் அதே செவ்வாய்க்கிழமைதான் போனது. கிரெட்டா அதைக் கவனித்தாள். அப்பாவும் கவனித்திருப்பார், அதைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தாள். வசந்தம் போனது, கோடை போனது. அவர் கராஜில் ரேடியோவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தொழிற்சங்கம் போராடி ஒரு சலுகை வாங்கியிருந்தது: வேலை இழந்தவர்கள் எதைப் படித்தாலும் கட்டணத்துக்குப் பணம் கிடைக்கும். பெரும்பாலானவர்கள் லாரி ஓட்டவும் வெல்டிங் அடிக்கவும் போனார்கள். லைல் மகள் படிக்கிற பல்கலைக்கழகத்திலேயே சேர்ந்தார். எதுக்கு என்று ஊர் கேட்டபோது, "ஏதோ நிர்வாகம் மாதிரி" என்று கையை ஆட்டினார்.

கிரெட்டா முதல் நாளே சட்டம் போட்டாள். "கேன்டீன்ல பாத்தா தெரியாத மாதிரி போயிடணும். குட்டின்னு கூப்பிடக்கூடாது. கை ஆட்டக்கூடாது."

"தலைய ஆட்டலாமா?"

"கூடாது."

அவர் தாடையை மட்டும் லேசாகத் தூக்குவார். ஆலைச் சட்டையும் விதைக்கம்பெனித் தொப்பியுமாக, பையன்களுக்கு நடுவில் தட்டேந்தி நின்றுகொண்டு, தாடையைத் தூக்குவார். அவளுக்கு எரிச்சலும் சிரிப்பும் ஒன்றாக வரும். எல்லோரும் ஏதாவது ஒரு கலைப்பாடம் எடுத்தாக வேண்டும் என்ற விதிக்காக அவர் நடிப்பு வகுப்பு எடுத்திருப்பதாக நன்றி கூறும் நாள் விருந்தில் தெரிந்தது. "அந்த நேரத்துக்கு அதுதான் கெடைச்சுது," என்றார். "மரமா நிக்கச் சொன்னாங்க. நின்னேன்." எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான்.

நாடகத்துறையில் ஒரு வழக்கம் உண்டு. மேஜரை அறிவித்தவர்கள், அடுத்த புதன்கிழமை, மேடைக்குப் பின்னால் உள்ள செங்கல் சுவரில் ஏணி வைத்து ஏறித் தங்கள் பெயரைத் தாங்களே வண்ணத்தில் எழுதவேண்டும். கடைசி எழுத்து முடியும்போது, இடிச்சத்தத்துக்கு வைத்திருக்கிற பெரிய தகரத்தை ஒருவன் ஆட்டுவான். எல்லோரும் அந்தப் பெயரைச் சொல்லிக் கத்துவார்கள். உடையறையிலிருந்து கிரெட்டா இரண்டு வருடமாக அந்தத் தகரத்தைக் கேட்டுவந்தாள். ஒருமுறைகூட எழுந்துபோய்ப் பார்த்ததில்லை.

அந்த ஏப்ரல் புதன்கிழமை, டோரீன் அவளிடம் ஒரு மேல்கோட்டைக் கொடுத்து, "அந்த உயரமான பையனுக்குத் தோள் சரியா இருக்கான்னு பாத்துட்டு வா, மேடைக்குப் பின்னால இருப்பான்" என்றாள். கழுத்தில் அளவு நாடா, வாயில் குண்டூசிகள், கையில் கோட்டுடன் அவள் கதவைத் தள்ளிக்கொண்டு போனாள்.

ஏணியில் ஒருவர் ஏறியிருந்தார். முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகை அவளுக்குத் தெரியும். சின்ன வயதில் மீன் பிடிக்கப் போகும்போது படகில் அதற்குப் பின்னால்தான் உட்காருவாள். ஆலைச் சட்டை. தொப்பியைத் திருப்பிப் போட்டிருந்தார். நீல வண்ணத்தில், காகித உருளைகளில் எண் எழுதுகிற அதே கட்டையான கையெழுத்தில், லைல் வானெக் என்று எழுதி, கடைசி எழுத்தை முடித்துக்கொண்டிருந்தார்.

தகரம் இடித்தது. "லைல்! லைல்! லைல்!" என்று முப்பது பேர் கத்தினார்கள். துறைத்தலைவர் டெஸ்மண்ட் குதித்தார், அந்த வயதில்.

லைல் தூரிகையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு திரும்பினார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பை அவள் எந்தப் பிறந்தநாளிலும் பார்த்ததில்லை. கூட்டத்தின் ஓரத்தில் அவளைக் கண்டதும் அந்தச் சிரிப்பு போக வழி தெரியாமல் அப்படியே நின்றது.

"குட்டி," என்றார்.

அவளால் பேசமுடியாது, வாயில் ஊசி. கோட்டைப் பக்கத்து நாற்காலியில் மடித்து வைத்தாள். ஒவ்வொரு ஊசியாக எடுத்து மணிக்கட்டில் இருந்த பஞ்சில் குத்தினாள். கடைசி ஊசி வரைக்கும் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். யாரோ ஒரு பையன், "லைல் உங்க அப்பாவா? செம ஆளுங்க அவரு!" என்றான்.

அவள் உடையறைக்குத் திரும்பினாள். ஒரு மணி நேரம் தைத்தாள். தைத்து முடித்துப் பார்த்தபோது, ராணியின் கைச்சட்டையைக் கை நுழைய வழியில்லாமல் மூடித் தைத்திருந்தாள். டோரீன் அதை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "பாவம் ராணி," என்று மட்டும் சொல்லிப் பிரிக்க ஆரம்பித்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில் அப்பா தன் டிரக்கில் உட்கார்ந்திருந்தார். எஞ்சின் ஓடவில்லை. அவள் மறுபக்கக் கதவைத் திறந்து ஏறி, பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நீ வீட்டுக்கு வர்றப்ப சொல்லலாம்னு இருந்தேன்," என்றார். "வெள்ளிக்கிழமை. எப்பவும்போல ஹோட்டலுக்கு மீன் சாப்பிடப் போறப்ப."

"எவன் சம்பளம் குடுப்பான்?"

"என்ன?"

"நாடகம் படிச்சா. எவன் சம்பளம் குடுப்பான்?"

அவர் சிரிக்கப்பார்த்தார். "எவனும் குடுக்கமாட்டான். உங்கம்மாவும் இதையேதான் கேட்டா."

"நான் கேக்கல. நீ கேட்டது. எங்கிட்ட."

"நான் எப்பக் கேட்டேன்?"

அவள் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். பொய் இல்லை. அந்த முகத்தில் பொய் வந்தால் இடது கண் சுருங்கும், சுருங்கவில்லை. உண்மையிலேயே அவருக்கு நினைவில்லை. அவள் இரண்டு வருடமாக ஒவ்வொரு நாளும் எடுத்து எடுத்துப் பார்த்துவந்த அந்தப் பேச்சு, ஈரத்தட்டு, துடைக்கிற துணி, அலமாரிக் கதவு மூடிய சத்தம் எல்லாமே, அவர் பக்கத்தில் நடக்கவே இல்லை.

"ஞாபகம் இல்லையா உனக்கு?"

"குட்டி, நீ கணக்குன்னு சொன்னே. கேக்குக்கு முன்னாடி நின்னு சிரிச்சே. போட்டோ இன்னும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டியிருக்கு."

"நான் சொன்னது நாடகம். கணக்குன்னு சொன்னது நீ. கேக்குல எழுதினதும் நீ. ஊரைக் கூட்டி எம்மூஞ்சி முன்னாடி நீட்டினதும் நீ. வாயில கேக்கை வச்சுட்டு நான் என்னத்தச் சொல்றது?"

"எனக்கு எப்படித் தெரியும்? ஒருதடவ சொன்னே, நான் ஏதோ சொல்லியிருப்பேன். மறுபடி சொல்லவேண்டியதுதானே? கத்தியிருக்கலாமே?"

"நான் கத்தினாத்தான் நீ கேப்பியா?"

"ஆலைல கத்தினாத்தான் கேக்கும்," என்றார். பிறகு, அது தமாஷாக எடுபடவில்லை என்று தெரிந்து, ஸ்டியரிங்கைத் தடவினார். "சரி. சொல்லியிருப்பேன். சொன்னது தப்புன்னு நான் இப்பவும் நெனைக்கல. உனக்கு இன்னும் நாப்பது வருஷம் வாடகை கட்டணும், பல்லு பாக்கணும், வண்டி வாங்கணும். எனக்கு அதெல்லாம் முடிஞ்சுபோச்சு. என்னை யாரும் இனிமே வேலைக்கு எடுக்கப்போறதில்ல. அதனாலதான் அங்க போனேன். எனக்கு எழக்க ஒண்ணும் இல்ல. உனக்கு இருக்கு."

"ஆலைல கணக்குப் பிரிவு எந்தக் கிழமை போச்சு?"

"எதுக்கு?"

"கணக்கு பாக்கறவன் கடைசியாத்தான் போவான்னு சொன்னே. அவங்க எந்தக் கிழமை போனாங்க?"

அவர் முன்கண்ணாடியைப் பார்த்தார். யாரோ ஒரு பெண் காரின் பின்னால் சைக்கிளை ஏற்றுகிற கம்பியோடு மல்லாடிக்கொண்டிருந்தாள்.

"செவ்வா."

"நீ?"

"செவ்வா."

அவள் கதவுப் பிடியில் கை வைத்தாள். அப்போது அவர், அவளைப் பார்க்காமல், மெதுவாகச் சொன்னார்: "வகுப்புல ஒரு காட்சி குடுத்தாங்க. ஒருத்தன் வந்து கதவைத் தட்டணும். உள்ள ஆள் இருக்கு, ஆனா திறக்கமாட்டாங்க. அவ்வளவுதான் காட்சி. நான் தட்டினேன். தட்டிட்டே இருந்தேன். டெஸ்மண்ட் போதும்னு சொன்னது எனக்குக் கேக்கல. அந்த செவ்வாக்கெழமைக்கு அப்புறம் நான் உருப்படியா ஒண்ணைச் செஞ்சது அன்னிக்குத்தான்."

இதைக் கேட்கக்கூடாது என்று அவள் நினைத்தாள். கேட்டுவிட்டாள். கோபத்துக்குள் கல் விழுந்ததுபோல இருந்தது. ஆனால் கோபம் வற்றவில்லை. இவருக்கு இது கிடைத்திருக்கிறது. இவர் பிடுங்கிய இடத்திலேயே இவருக்குக் கிடைத்திருக்கிறது. அவள் இறங்கிக் கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.

மறுநாள் அம்மாவைப் போனில் பிடித்தாள். பள்ளிச் சமையலறையில் பின்னால் பாத்திரங்கள் உருண்டன.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியும்," என்றாள் ஜோனி. "கிறிஸ்துமஸ்லருந்து. உங்கப்பன் குளியலறைல தானாப் பேசிட்டிருந்தான். பைத்தியம் புடிச்சிருச்சுன்னு டாக்டருக்குப் போன் பண்ணப் போயிட்டேன். கடைசில பாத்தா வசனம்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"அவன் சொல்லவேண்டிய விஷயம்."

"நான் நாடகம் படிக்கணும்னு சொன்னப்ப நீ பக்கத்துலதான் இருந்தே. அடுப்புக்கிட்ட. ஒரு வார்த்த பேசினியா?"

பாத்திரச் சத்தம் நின்றது. ஜோனி வேறு எங்கோ நகர்ந்திருக்க வேண்டும். "பேசல," என்றாள். "பேசியிருக்கணும். நீ ரெண்டாந்தடவ சொல்லுவேன்னு பாத்தேன். நீயும் சொல்லல. அந்த வீட்ல மூணு பேர், ஒருத்தன் மட்டும் பேசினான், அவன் பேசினது சட்டமாயிருச்சு. அவன் நல்லவன்டி. ஆனா அவன் காதுல விழணும்னா அவன் முன்னாடி போய் நிக்கணும்."

"இப்ப நின்னு என்ன ஆகப்போவுது?"

"அது எனக்குத் தெரியாது. எனக்கு அடுப்புல நூத்தம்பது பேருக்குச் சூப் இருக்கு."

விடுதி அறையில் அவளோடு தங்கியிருந்த பாஹுவா கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ஒட்டுச்சோற்றைக் கையால் உருட்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். லாவோஸிலிருந்து வந்து குடியேறிய ஹ்மாங் இனத்துக் குடும்பத்துப் பெண், நர்சிங் படிக்கிறவள். கிரெட்டா சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, விரலை நக்கினாள்.

"எங்க வீட்ல என்னோட மேஜரைப் பத்திப் பேச எங்க சித்தப்பா, பெரியப்பா, மாமா எல்லாரும் வந்தாங்க. கோழி வெட்டினாங்க. ராத்திரி வரைக்கும் பேசினாங்க. டாக்டர்னாங்க. நான் நர்ஸ்னேன். அவங்க களைச்சுப்போற வரைக்கும் நர்ஸ்னு சொல்லிட்டே இருந்தேன். நீ என்னடான்னா ஒரு தட்டு துடைக்கற நேரத்துல தோத்துட்டு வந்திருக்கே."

"ரொம்பத்தான்."

"நாளைக்குக் கடைசி நாள். போய் நாடகம்னு பொத்தானை அமுக்கு."

"இப்ப எப்படி? இப்ப அங்க போனா நான் யாரு? லைலோட பொண்ணு. அப்பா பின்னாலயே வந்த பொண்ணு. அந்தச் சுவர்ல அவர் பேரு மொதல்ல இருக்கு. அதையும் எடுத்துட்டாரு."

பாஹுவா இன்னொரு உருண்டையை உருட்டினாள். "கணக்குல இருந்தா மட்டும் நீ யாரோட பொண்ணு?"

கிரெட்டாவின் காது சிவந்தது. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை மேஜையில் மெதுவாக வைத்தாள். பாஹுவா சோற்றுக்கூடையை எடுத்துக்கொண்டு, "எனக்கு உடனே குளிக்கணும்," என்று வெளியே போய்விட்டாள்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் கணக்கியல் ஆலோசகரின் அறையில் மிட்டாய்க் கிண்ணம் இருந்தது. ஆலோசகர் கெல்வின், கைகுலுக்கும்போது இரண்டு கையாலும் குலுக்குகிறவர். கணினித் திரையை அவள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். அவள் பெயர், அதன் பக்கத்தில் 'உத்தேசம்', அதற்குக் கீழே நீலமாக ஒரு பொத்தான்.

"உங்க மதிப்பெண்ண பாத்தேன். இதுக்குன்னே பொறந்தவங்க நீங்க," என்றார். "ஒரு அமுக்கு. அவ்வளவுதான். அப்புறம் நாம கொண்டாடலாம்." மிட்டாய்க் கிண்ணத்தைக் காட்டினார்.

அவள் திறமைசாலி என்பது உண்மை. அதுதான் இன்னும் கோபமாக இருந்தது. மோசமாகச் செய்திருந்தால் யாராவது அவளை வெளியே தள்ளியிருப்பார்கள். அவள் வாயைத் திறக்க வேண்டியிருந்திருக்காது.

"ஒரு ஆலை மூடினா, கணக்கு பாக்கறவங்க எப்பப் போவாங்க?" என்று கேட்டாள்.

"நல்ல கேள்வி!" என்றார் கெல்வின். "அது பல விஷயத்தப் பொறுத்தது. ஏன்னா, மூடறதுக்கே கணக்கு வேணும் பாருங்க. நல்ல வாய்ப்பு அதுல..."

"நன்றி," என்று எழுந்தாள். அவர் மிட்டாயை நீட்டிக்கொண்டிருந்தார். அவள் ஒன்று எடுத்துக்கொண்டாள். அந்த ஆளின்மேல் அவளுக்குக் கோபம் எதுவும் இல்லை.

நாடகத்துறை அலுவலகம் புல்வெளிக்கு அந்தப் பக்கம். ஓடவில்லை, ஆனால் நடையும் இல்லை. அலுவலகப் பெண்மணி டாட், மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தாள்.

"அட, லைலோட பொண்ணு!"

"கிரெட்டா."

"ஆமா ஆமா, கிரெட்டா. உங்கப்பா இருக்காரே, என்ன மனுஷன்! நேத்து இங்க உக்காந்து..."

"நான் மேஜர் அறிவிக்க வந்திருக்கேன். இன்னிக்குத்தானே கடைசி?"

டாட் வாயை மூடிக்கொண்டு திரையைத் திருப்பினாள். இங்கேயும் அதே நீலப் பொத்தான். கிரெட்டா நின்றுகொண்டே அமுக்கினாள். ஒன்றும் ஆகவில்லை, 'உத்தேசம்' என்ற சொல் போய்விட்டது, அவ்வளவுதான். இரண்டு வருடம் இதற்கா என்று இருந்தது.

"சரி, இனி அடுத்த வருஷ வகுப்பு போட்டுடலாம்," என்றாள் டாட். விசைகளைத் தட்டினாள். நிறுத்தினாள். "ஐயோ. மேடைக் கட்டுமான வகுப்பு நெறைஞ்சுபோச்சே கண்ணு. அது இல்லாம விளக்கு, உடை, மேடை நிர்வாகம் எதுவும் எடுக்க முடியாது. வருஷத்துக்கு ஒரே தடவதான் வரும். பட்டறைல எத்தனை ரம்பம் இருக்கோ அத்தனை பேருக்குமேல ஆள் விடமாட்டாங்க, டெஸ்மண்டே சொன்னாலும் முடியாது."

"அப்ப?"

"அதுக்கு அடுத்த வருஷம். ஒரு வருஷம் தள்ளிப்போகும்." டாட் தயங்கினாள். "காலைலகூட ஒரு இடம் இருந்துது. கடைசி இடம். அது வந்து... உங்கப்பாதான்."

கிரெட்டா மிட்டாயை டாட்டின் மேஜையில் வைத்தாள். வெளியே வராந்தாவுக்குப் போய் அப்பாவை அழைத்தாள். இரண்டாவது மணியிலேயே எடுத்தார்; பின்னால் டிரக்கின் ரேடியோ.

"குட்டி! நானே கூப்பிடணும்னு..."

"நாடகம் அறிவிச்சுட்டேன்."

ரேடியோ நின்றது. "நெசமாவா? கிரெட்டா, அது..."

"பேசாதே. கேளு. மேடைக் கட்டுமானம். அதுல நீ இருக்கே. அந்த இடத்த விடு."

"எதை விடறது?"

"அந்த வகுப்ப. கடைசி இடம் நீ எடுத்திருக்கே. அது எனக்கு வேணும்."

"அது இல்லாம நானும் அடுத்த வருஷம் ஒண்ணும் பண்ணமுடியாது குட்டி. ஒரு வருஷம் சும்மா உக்காரணும். மறுபடி அந்தக் கராஜ்ல. சங்கத்துப் பணம் வேற அதுவரைக்கும் வருமோ என்னமோ. நாம டெஸ்மண்ட்கிட்டப் பேசிப் பாக்கலாம், ரெண்டு பேருக்கும்..."

"முடியாதுன்னுட்டாங்க. ரம்பம் இல்ல."

"எனக்கு வயசாயிட்டிருக்கும்மா."

"எனக்கும்தான்."

"நீ பொறுமையா யோசிச்சு..."

"யோசிச்சுட்டேன். ரெண்டு வருஷம். நான் உன்னைக் கெஞ்சல அப்பா. உனக்குப் பாவமா இருக்கட்டும்னு சொல்லல. அந்த இடத்த விடுன்னு சொல்றேன்." குரல் உயர்ந்துவிட்டது. வராந்தாவின் கோடியில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். தன் குரல் அவ்வளவு பெரியது என்று அவளுக்கே தெரியாது. "நான் சமையலறைல சொன்னேன், நீ தட்ட வச்சுட்டுப் போயிட்டே. இப்ப எங்கயும் போகாதே. பதில் சொல்லு."

லைல் நெடுநேரம் பேசவில்லை. அவள் அந்த மௌனத்தை நிரப்பவில்லை. எப்போதும் அவள்தான் நிரப்புவாள், 'சரி விடு' என்று. இந்தமுறை சுவரில் தோளைச் சாய்த்துக்கொண்டு நின்றாள்.

"எப்படி விடறது?" என்றார் கடைசியில். "போன்லயே முடியுமா?"

"முடியும். உன் பேருக்குள்ள போ. வகுப்புங்கற எடத்துல இருக்கும்."

"கண்ணாடி எடுத்துக்கறேன் இரு." ஏதோ பெட்டி திறந்த சத்தம். அவர் முணுமுணுத்துக்கொண்டே தேடினார். "இதா... நிச்சயமான்னு கேக்குது."

அவள் போனைக் காதில் இன்னும் அழுத்தினாள்.

"ஆமான்னுட்டேன்," என்றார்.

திறந்திருந்த கதவு வழியாக டாட்டைப் பார்த்தாள். டாட் திரையைப் பார்த்து, கட்டைவிரலைத் தூக்கிக் காட்டி, தானாகவே தட்ட ஆரம்பித்தாள்.

"கோவமா இருக்கியா இன்னும்?" என்றார் லைல்.

"இருக்கேன்."

"எத்தன நாளைக்கு?"

"தெரியாது. எனக்கே இது புதுசு."

அவர் தொண்டையைச் செருமினார். இன்று வெள்ளிக்கிழமை, அம்மா ஹோட்டலில் மேஜைக்குச் சொல்லி வைத்திருக்கிறாள், மீன் சாப்பிட வருவாளா என்று கேட்டார். வருவதாகச் சொன்னாள். அங்கே இதைப் பற்றிப் பேசப்போவதாகவும், நடுவில் யாரும் எழுந்து போகக்கூடாது என்றும் சொன்னாள். "சரி," என்றார் லைல். அவள் போனை வைத்துவிட்டு, தன் பெயரைச் சரிபார்க்க உள்ளே போனாள்.